கையில் ரசீது, கழுத்தில் கயிறு

மாட்டு மந்தையை ஆறு கடத்தி ஓட்டி வருகிறான் ஒருவன். நீந்த முடியாத கன்றுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறான். ஒன்பது பேர் குதிரையில் வந்து வளைத்துக்கொள்கிறார்கள். மாடு யாருடையது என்று கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியது என்று சொல்லி ரசீதை எடுத்து நீட்டுகிறான். விற்ற ஆள் எப்படி இருந்தான் என்பது அடுத்த கேள்வி. அவன் சொல்லும் அடையாளம் அவர்களுக்குத் தெரிந்த மாட்டுக்காரனோடு பொருந்தவில்லை. மாட்டுக்காரனைக் கொன்றவனே சொந்தக்காரன் வேஷம் போட்டு மந்தையை விற்றிருக்கிறான். அதை விசாரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. நீதான் கள்ளன், நீதான் கொலைகாரன் என்று தீர்ப்பு முடிகிறது. ஒருவன் அவனுடைய சேணத்தை எடுத்துக்கொள்கிறான், இன்னொருவன் பணப்பையை. பக்கத்து மரத்தில் கயிறு ஏறுகிறது.

1968-ல் வந்த 'ஹேங் எம் ஹை' படத்தின் தொடக்கம் இது. இயக்கியவர் டெட் போஸ்ட். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் மூன்று படங்களில் பெயர் வாங்கிய கிளின்ட் ஈஸ்ட்வூட், அமெரிக்காவுக்குத் திரும்பி நடித்த முதல் கௌபோய் படம். அந்த வழியாக வந்த மார்ஷல் ஒருவர் கயிற்றை அறுத்துவிடுவதால் ஆள் பிழைக்கிறான். உண்மைக் கொலைகாரன் பிடிபட்டதும் நீதவான் ஃபென்டன் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்து, மார்ஷல் வில்லையையும் துப்பாக்கியையும் கொடுத்து அனுப்புகிறார். தன்னைத் தூக்கிலிட்ட ஒன்பது பேரையும் அவன் தேடிப் போவதுதான் மீதிப் படம்.

பொய்ப்பழி சுமந்த துப்பாக்கிக்காரன் கதை ஹொலிவூட்டுக்குப் புதிதல்ல. 1943-ன் 'ஒக்ஸ்-போ இன்சிடன்ட்' படத்தில் குற்றம் செய்யாத மூவரை ஊர்க் கூட்டமே தூக்கிலிடுகிறது. 1958-ன் 'பிராவடோஸ்' படத்தில் கிரெகரி பெக், மனைவியைக் கொன்றவர்கள் என்று நினைத்து ஆட்களைத் தேடித் தேடிக் கொன்றபின், அவர்கள் அவளைக் கொல்லவில்லை என்று அறிகிறார். ஆனாலும் நமது இலங்கைத் தேயிலை மலைகளுக்கு ஈஸ்ட்வூட்டின் படம்தான் அதிகம் பொருந்துகிறது. காரணம் அந்த ரசீது. கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டே கள்ளன் பட்டம் வாங்கிய கதை மலையகத்துக்கு நன்றாகத் தெரியும்.

அன்று: திரையில்

ஒரு காலத்தில் தோட்டத்தில் இருப்பவர் படம் பார்க்க வேண்டுமானால் பட்டணம் போகவேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயாப் பக்கத்தவர்களுக்கு அட்டன். லிந்துலை, நானுஓயாக்காரர்களுக்குத் தலவாக்கலை அல்லது நுவரெலியா. சம்பளத்தில் அரிசி, மா கணக்கும் கடைக் கணக்கும் போக மிஞ்சிய சில்லறைதான் பஸ்ஸுக்கும் கேலரி டிக்கட்டுக்கும் இடைவேளையில் ஒரு பிளேன்டீக்கும். இரண்டாம் ஷோ முடிந்தால் பஸ் இருக்காது. டோர்ச் லைட்டை அடித்துக்கொண்டு, கதையை மறுபடி பேசிக்கொண்டு, பனியில் மைல் கணக்காக நடந்து வந்து, வரிசை வீடான லயத்தின் கதவைத் தட்ட வேண்டும். விடிந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு. நேரம் தப்பினால் அன்றைக்குப் பேர் இல்லை.

முதல் மரியாதை எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும்தான். அதிலும் எம்.ஜி.ஆர் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் மலையகத்துக்கு அவர் மேல் தனி உரிமை. ஆனால் கௌபோய் படத்துக்கும் ஒரு கூட்டம் இருந்தது. ஒரு வரி இங்கிலீஷ் தெரியாமல் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வரலாம். குதிரை, தூசி, சுடுகிற சத்தம், தொப்பியை வைத்தே ஆள் நல்லவனா கெட்டவனா என்று தெரிந்துவிடும். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு கூடப் படித்த பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் அவன் கதை சொல்லுவான். பாதி படத்தில் உள்ளது, பாதி அவனே போட்டது. கேலரி இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது.

இந்தப் படங்கள் வந்த வழி வேறு. 1928-ல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ், பின்னாளில் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் நிறுவனம் போன்றவைதான் தீவு முழுக்க விநியோகத்தைக் கையில் வைத்திருந்தன. 1972-ல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. எந்தப் படம் எந்த ஊருக்கு எப்போது வரும் என்பது கொழும்பில் முடிவாகும் காரியமாயிற்று.

ஹொலிவூட் ஒருமுறை நம் வாசலுக்கே வந்தது. அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையில் கித்துல்கலையில், களனி கங்கையின் குறுக்கே பாலம் கட்டி, 'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' எடுத்தார்கள். 1957-ல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் வாங்கியது. அதற்கு முன் 1954-ல் வந்த எலிசபெத் டெய்லரின் 'எலிஃபன்ட் வோக்' இலங்கைத் தேயிலைத் துரை ஒருவரின் பங்களாவில் நடக்கும் கதை. துரைக்கும் துரைசானிக்கும் ஆன கவலைகள்தான் அதில் கதை. கொழுந்து பறிப்பவர்கள் பின்னணியில் நடந்து போவார்கள். தேயிலையின் காசிலேயே எடுத்த படத்திலும் இதே நிலைதான். தேயிலைப் பிரசாரச் சபைக்காகப் பசில் ரைட் எடுத்து 1934-ல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' உலகப் புகழ் பெற்ற ஆவணப்படம். அதிலும் லயத்து வாழ்க்கையைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். மலையகத்துக் கதை தமிழில் திரைக்கு வர 1963-ன் 'தோட்டக்காரி' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கக்காரரான வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975-ல் வந்தது.

தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் குதிரையும் துப்பாக்கியும் தமிழ் பேச ஆரம்பித்தன. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து' ஆகியவை 1970-க்கும் 1975-க்கும் இடையில் வந்த தமிழ்க் கௌபோய் படங்கள். படம் கிடைக்காத ஊரில் காமிக்ஸ் கை கொடுத்தது. சிவகாசியின் முத்து, லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் தமிழ்ப் பையன்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். டைகரின் முன்கதை தோட்டத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பிரெஞ்சில் ப்ளூபெர்ரி என்று பெயர். அமெரிக்கத் தெற்கில் ஒரு தோட்ட முதலாளியின் மகன். பக்கத்துத் தோட்ட முதலாளியைக் கொன்றதாகப் பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்டு ஓடுகிறான். அவனைக் காப்பாற்றுபவன் அந்தத் தோட்டங்களிலிருந்து தப்பிய கறுப்பின அடிமை ஒருவன். பிறகும் ஜனாதிபதியைக் கொல்லச் சதி செய்தான் என்ற பழி அவனைத் துரத்துகிறது. அந்த நீண்ட கதை 2015-ல் 'மின்னும் மரணம்' என்ற பெரிய தொகுப்பாகத் தமிழில் வந்தது.

ஆனால் கௌபோய் வருமுன்பே இந்தக் கதை தோட்டத்தில் இருந்தது. எத்தனையோ தோட்டங்களில் மரத்தடியில் மதுரை வீரன் காவல் நிற்கிறார். கள்ளர்களை அடக்க அனுப்பப்பட்ட வீரன், அரசனின் சந்தேகத்துக்கு ஆளாகி, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அவன் குற்றமற்றவன் என்பது தண்டனை நிறைவேறிய பிறகு தெரிகிறது. அப்புறம் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். 1956-ல் எம்.ஜி.ஆர் நடித்த 'மதுரை வீரன்' வந்தபோது அட்டன் கேலரியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் குலசாமியைத்தான் திரையில் பார்த்தார்கள். ஈஸ்ட்வூட் கயிற்றில் தொங்கியபோது அவர்களுக்குக் கதை விளங்காமல் போயிருக்க முடியாது.

அன்று: மலையில்

கௌபோய் படத்தில் ஊருக்கு ஒரு பெரிய பண்ணையார் இருப்பார். ஷெரிஃப் அவர் ஆள், நீதவான் அவர் சொல்வதைக் கேட்பார். தோட்டத்தில் இத்தனை வேடத்துக்கு இத்தனை ஆள் தேவைப்படவில்லை. வேலை கொடுப்பவர், வீடு கொடுப்பவர், அபராதம் போடுபவர், பொலிஸுக்கு ஆள் அனுப்புபவர் எல்லாம் பெரிய துரை. 1865-ன் வேலை ஒப்பந்தச் சட்டப்படி, நோட்டிஸ் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சொன்னதைச் செய்ய மறுப்பது குற்றம், மரியாதைக்குறைவாக நடப்பதும் குற்றம். மூன்றுக்கும் மறியல் தண்டனை உண்டு. எது மரியாதைக்குறைவு என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

கடதாசியின் ஆட்சியும் அப்போதே தொடங்கிவிட்டது. தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆளின் விலை எழுதிய சீட்டு என்றே சொல்லலாம். 1921-ல் துண்டு முறை ஒழிந்தது. ஆனாலும் வேலையை விட்டதற்கு எழுதித் தரும் பற்றுச்சீட்டு இல்லாமல் வந்தவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. பழி சுமத்தி விரட்டப்பட்டவனுக்கு வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு. மனைவியின் பேரும் தோட்டத்து ஆட்பதிவான அதே செக்ரோலில் இருந்தால் அதற்கும் ஆபத்து.

கௌபோய் கதைக்கு மிக அருகில் வரும் உண்மைச் சம்பவம் இந்த மலைகளில் 1937-ல் நடந்தது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கலை ரெலுகஸ் தோட்டத்தில் சின்ன துரையாகப் பழக ஆரம்பித்தார். தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலை போயிற்று. ஏப்ரல் மாதம் நாவலப்பிட்டியில் இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட கூட்டத்தில் தோட்டத்துரைமாருக்கு எதிராகப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போகும்படி உத்தரவு போட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். பொலிஸ் தீவெங்கும் தேடிக்கொண்டிருக்க, மே 5-ந் திகதி காலிமுகத் திடலில் பெருங்கூட்டத்தின் நடுவே மேடையில் தோன்றிப் பேசினார். கைதானதும் சட்டத்தரணி எச்.வி. பெரேரா வாதாட, உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லாது என்று அவரை விடுவித்தது. தனி ஆள், ஊருக்குப் புதியவன், தலைக்கு மேல் உத்தரவு, கடைசியில் விடுதலை. திரைக்கதை எழுதுபவனுக்குக் கூட இதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை.

மூன்று வருடம் கழித்து வந்த சம்பவத்துக்கு அந்த முடிவு வாய்க்கவில்லை. 1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத்தின் முதல் தியாகி என்று இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வெள்ளைக்காரச் சின்ன துரைக்கு உயிரோடு இருக்கும்போது நீதிமன்றம் திறந்தது. கோவிந்தனுக்கு விசாரணை நடந்தபோது அவர் புதைகுழியில் இருந்தார். 1977 மே 11-ந் திகதி அதே கதை திரும்பியது. நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார்.

கேலரியில் பார்த்த படத்துக்கும் மலையில் பார்த்த வாழ்க்கைக்கும் இங்கேதான் வழி பிரிகிறது. படத்தில் நிரபராதியின் இடுப்பில் துப்பாக்கி. தோட்டத்தில் துப்பாக்கி எப்போதும் எதிர்ப் பக்கத்தில். ஆகவே தோட்டத்து நிரபராதி ஒன்று கூட்டத்தை நம்பினான், இல்லாவிட்டால் கடதாசியை நம்பினான்.

கடதாசி அவனைக் கைவிட்டது 1948-ல். தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததைக் காட்டு, பிரஜாவுரிமை தருகிறோம் என்றது சட்டம். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கே? 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடக்காரருக்கு ஒரு தனிச் சட்டம் வந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். 1962 வரை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று திருச்சிக்கோ சேலத்துக்கோ ஒருமுறை போய் வந்தவர்களுக்கு அந்தப் பயணமே குற்றச்சாட்டாக மாறியது: உனக்கு இங்கே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். ஆற்றங்கரையில் ரசீதை நீட்டியவனிடம் ஒன்பது பேர் கேட்ட கேள்வியை இங்கே ஓர் அரசாங்கமே கேட்டது. உன் கடதாசி உண்மையானதாக இருக்கலாம், உன்னை நம்ப முடியாது.

இடையில்: கரண்டும் டீவியும்

1982 பெப்ரவரி 15-ல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பிரதான அஞ்சல் கோபுரம் நுவரெலியாவின் தலைக்கு மேல், இலங்கையின் உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் நின்றது. படம் நம் மலையிலிருந்து நாடு முழுக்கப் போயிற்று. லயத்தில்தான் கரண்ட் இல்லை. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950-ல் ஓடத் தொடங்கிவிட்டது. காசல்ரீ அணை 1965-ல், மவுசாக்கலை 1969-ல். மவுசாக்கலை பழைய மஸ்கெலியாப் பட்டணத்தையே விழுங்கிக்கொண்டது. தண்ணீரும் மலையும் நமது, வெளிச்சம் கொழும்புக்கு. கார் பேட்டரியைப் பட்டணத்தில் சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்து, டீவி இருக்கிற காம்பராவின் வாசலில் லயமே கூடியது. சனிக்கிழமைப் படம் முடியுமுன் பேட்டரி இறங்கினால் கள்ளன் யாரென்று தெரியாமலே தூங்கப் போக வேண்டும்.

1983 ஜூலைக் கலவரம் தமிழர் நடத்திய சினிமாத் தொழிலையும் எரித்தது. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ அதில் சாம்பலானது. அதன் பிறகு யுத்தம். 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியாகலாம் என்று ஆனது. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்கள் பலருக்கு அடையாள அட்டை இல்லை. தமிழ் பேசுகிறான், அட்டை இல்லை என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று. வருடக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்று வெளியே வந்தவர்கள் உண்டு. உள்ளே போன வருடத்துக்கு யாரும் கணக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை.

இன்று: திரையில்

இப்போது லயத்துக் கூரையில் டிஷ், கையில் ஃபோன். பட்டணங்களில் பழைய தியேட்டர்கள் பலவற்றில் வேறு வியாபாரம் நடக்கிறது. 'ஹேங் எம் ஹை' இரண்டு மணி நேரப் படம். யூடியூபில் அதே மாதிரிப் படங்களின் கதையைப் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேலரியில் கதை சொன்ன பையனின் வேலையை இந்தக் குரல் செய்கிறது. வித்தியாசம், அந்தப் பையனை நிறுத்தி இல்லையடா, அப்படி இல்லை என்று சண்டை பிடிக்கலாம். ஃபோனோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

சுருக்கத்தில் பழிவாங்கும் துப்பாக்கிச் சண்டை முழுதாக வந்துவிடும். முதலில் விடுபடுவது படத்தின் நல்ல பகுதி. ஈஸ்ட்வூட் பிடித்து வரும் இரண்டு சிறுவர்கள் மாடு திருடியவர்கள்தான், ஆனால் கொலை செய்தவர்கள் அல்ல. வழியில் அவன் உயிருக்கு ஆபத்து வந்தபோது அவர்கள் ஓடவும் இல்லை, முதுகில் குத்தவும் இல்லை. இவர்களுக்குத் தயவு காட்டுங்கள் என்று அவன் நீதவானிடம் மன்றாடுகிறான். நீதவான் கேட்கவில்லை. ஊர் திருவிழாக் கூட்டம் போலத் திரண்டு நிற்க, ஆறு பேரை வரிசையாகத் தூக்கிலிடுகிறார்கள். மரத்தடிக் கயிறு அநியாயம் என்றால் மேடைக் கயிறு நியாயமா என்று கேட்கும் இடம் அது. நீதவானும் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்: இந்தப் பெரிய பிரதேசத்துக்கு நான் ஒருவன்தான், நான் தண்டிக்காவிட்டால் ஜனங்கள் மறுபடி மரத்தைத் தேடுவார்கள் என்பது அவர் வாதம். அன்றைய கேலரிக்கு இந்த வாதம் மொழியால் எட்டவில்லை. இன்றைய பிள்ளைக்கு மொழி எட்டும், நேரம் எட்டவில்லை.

இன்று: மலையில்

நல்ல மாற்றங்களை மறைக்கக் கூடாது. 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களால் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஏறக்குறையத் தீர்ந்தது. மறியல் தண்டனைச் சட்டம் போய் நூறு வருடமாயிற்று. துரை இப்போது முகாமையாளர். 1957-ன் சட்டத் திருத்தத்தோடு தொழில் நியாய சபைகள் வந்தன. அநியாயமாக வேலை நிறுத்தப்பட்ட தொழிலாளி, சங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தானே அங்கே விண்ணப்பிக்கலாம். 1937-ல் பிரேஸ்கேர்டிலுக்குத் திறந்த கதவின் சிறு கதவு ஒன்றாவது கோவிந்தனின் பேரப்பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது.

பழி சுமத்தும் முறையும் மாறியிருக்கிறது. இப்போது குற்றப்பத்திரம் வருகிறது. கொழுந்து நிறுவையில் தகராறு, விறகு வெட்டியது, மேலதிகாரியைத் திட்டியது, வேலைக்கு இடைஞ்சல் செய்தது என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதியிருக்கும். பதில் கொடுக்க நாள் குறித்திருக்கும். பிறகு உள்ளக விசாரணை. விஷயம் பொலிஸுக்குப் போனால் வாக்குமூலம். தமிழில் வாக்குமூலம் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் தொழிலாளி தமிழில் சொல்ல, சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. தான் சொன்னதுதான் அங்கே எழுதியிருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. அன்று கையில் கடதாசி இல்லாததால் மாட்டிக்கொண்டவர்கள், இன்று வாசிக்க முடியாத கடதாசியில் கையெழுத்து வைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

2021 பெப்ரவரியில் சாமிமலை ஓல்டன் தோட்டத்தில் நடந்தது இதற்கு அண்மை உதாரணம். கூலிப் போராட்டத்தின் நடுவே முகாமையாளரைத் தாக்கியதாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 38 பேருக்கு வேலை போயிற்று. தொழிலாளர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் வழக்கு முடியுமுன் வேலை போவது என்ன முறை என்று கேட்பது யாருக்கும் உரிமையான கேள்வி. ஃபென்டன் நீதவான் கூட முதலில் விசாரித்தார்.

அதே வருடம் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்கூலி 1,000 ரூபாயானது. அதோடு கம்பனிகளுக்கும் சங்கங்களுக்கும் இடையே இருந்த கூட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நின்றது. கூலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒழுங்கு நடவடிக்கை, குறை கேட்பது, சங்கத்தோடு பேசுவது எப்படி என்ற விதிகளும் இருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. முன்பு ஒருவருக்குச் சிக்கல் என்றால் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆபீஸ் வாசலுக்குப் போவார், பின்னால் மலையே நிற்கும். இப்போது ஆள் குறைவு. இளைஞர்கள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும். பல தோட்டங்களில் நிரந்தரப் பேர் இல்லாமல் கிலோக் கணக்குக் கைக்காசுக்கும் கொந்தரப்புக்கும் வேலை. அவர்களுக்குக் குற்றப்பத்திரம் கூடக் கிடையாது. நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

இதுதான் இந்த அறுபது, எழுபது வருடத்தின் கணக்கு. அன்று கௌபோய் படத்தில்தான் நிரபராதி தனி ஆள். தோட்டத்தில் அவன் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது, கையில் கடதாசி இல்லை. இன்று கடதாசி வந்துவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. கூட்டமாகப் படம் பார்ப்பது போனது பெரிய நட்டமல்ல. ஒருவனுக்காகக் கூட்டமாக நிற்பது போனதுதான் நட்டம். இதற்குச் சங்கங்கள் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. தேர்தல் மேடைக்குக் கூட்டிய ஆட்களை விசாரணை அறை வாசலுக்குக் கூட்ட அவை மறந்துவிட்டன.

தோட்டத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றப்பத்திரம் கிடைத்தால் கிழித்துப் போடாதீர்கள், பயந்து கையெழுத்தும் வைக்காதீர்கள். ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விசாரணைக்குத் தனியாகப் போகாதீர்கள். வேலை நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பக்கத்துக் காம்பராக்காரர் மேல் பழி வந்தால், அவரோடு ஆபீஸ் வரைக்கும் நடந்து போங்கள்.